காரணம் தெரியாத துன்பத்தில் நண்பரோடு இருப்பது எப்படி? குமரி எல்லையிலிருந்து ஒரு முழுமையான வழிகாட்டி

என் மனைவியை அடக்கம் செய்த ஏழாம் நாள், ஜெபம் முடிந்து எல்லாரும் கட்டன் சாயா குடித்துக்கொண்டிருந்தபோது, உறவுக்காரப் பெரியவர் ஒருவர் என்னைத் தனியே கூப்பிட்டார். "குடும்பத்துல பழைய பாவம் ஏதாவது தீராம கிடக்கான்னு யோசிச்சுப் பாரு மக்களே" என்றார். நல்ல மனிதர், என் மேல் பாசம் உள்ளவர். அன்றிரவு முழுக்கத் தூங்காமல் என் தாத்தா காலத்து வரப்புச் சண்டை வரைக்கும் எண்ணிப் பார்த்துக்கொண்டு கிடந்தேன்.

அதே நாள் சாயங்காலம் என் பள்ளித் தோழன் வந்தான். ரப்பர் பால் வெட்டுகிறவன். வீட்டுக்குள் வரவில்லை. பின்பக்கம் குவிந்து கிடந்த தேங்காயை எல்லாம் உரித்துப் போட்டான், கை கழுவினான், "சாயா குடிச்சியா லே?" என்று கேட்டான், போய்விட்டான். அடுத்த வியாழக்கிழமையும் வந்தான்.

மார்த்தாண்டத்துக்கும் களியக்காவிளைக்கும் நடுவில் இருக்கும் எங்கள் ஊரில் ஆர்.சி. (கத்தோலிக்கர்), சி.எஸ்.ஐ., பெந்தெகொஸ்தே என்று கிறிஸ்தவ சபைகள் எல்லாம் ஒரே தெருவில்தான். துக்க வீட்டுக்குக் கூட்டத்துக்குக் குறைவே இருக்காது. ஆனால் அந்தக் கூட்டத்தில் பாதிப் பேர் அந்தப் பெரியவரைப் போலப் பேசுகிறார்கள். என் தோழனைப் போல இருப்பது எப்படி என்று யாரும் சொல்லித் தருவதில்லை. பதினொரு மாதம் மனைவியோடு சிகிச்சைக்காகத் திருவனந்தபுரத்துக்கு அலைந்ததிலும், அதற்குப் பிறகான ஆண்டுகளிலும் நான் கற்றுக்கொண்டதை வரிசையாக எழுதுகிறேன்.

படி 1: நம் ஊர்க் கதையிலிருந்து தொடங்குங்கள்

நட்டாலத்தில் 1712-ல் பிறந்த நீலகண்ட பிள்ளை, மார்த்தாண்ட வர்மா மகாராஜாவின் அரண்மனையில் பணி செய்தவர். அவருக்கு அடுத்தடுத்து இழப்புகள் வந்தன. ஆடுமாடு செத்தன, சொத்து கரைந்தது என்று வழிவழியாகச் சொல்லி வருகிறார்கள். அந்த நேரத்தில் அவருக்கு ஒரு நண்பர் கிடைத்தார். 1741-ல் குளச்சல் போரில் தோற்றுப் பிடிபட்டு, பிறகு அதே மகாராஜாவின் படையைப் பயிற்றுவித்த டச்சுப் படைத் தலைவர் டிலனாய். ஒருவர் தன் நாட்டையும் படையையும் இழந்து வந்தவர், மற்றவர் இருந்ததை இழந்துகொண்டிருந்தவர்.

நீலகண்டன் தன் வருத்தத்தைச் சொன்னபோது டிலனாய் எடுத்துச் சொன்னது வேதாகமத்தில் வரும் யோபுவின் கதையை. இது எனக்கு மிகவும் முக்கியமாகப் படுகிறது. கிரகம், தோஷம், முன்வினை என்று எதையாவது காட்டி, 'இதனால்தான் உனக்கு இப்படி' என்று சொல்லியிருக்கலாம். அவர் சொன்னதோ, ஒரு தப்பும் செய்யாமல் எல்லாவற்றையும் இழந்த ஒருவனின் கதை. 7000 ஆடு, 3000 ஒட்டகம், 500 ஏர் மாடு, 500 கழுதை, பத்துப் பிள்ளைகள், எல்லாம் போயிற்று. கடைசியில் கடவுள் யோபுவிடம் நேரில் பேசுகிறார், நாலு அதிகாரம் முழுக்கப் பேசுகிறார். ஆனால் ஏன் இது நடந்தது என்ற காரணத்தை அங்கேயும் சொல்லவே இல்லை. யோபு கடைசி வரைக்கும் அதைத் தெரிந்துகொள்ளாமலே வாழ்ந்து முடித்தான்.

நீலகண்டன் 1745-ல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் பெற்றார். லாசரு என்ற பெயர், தமிழில் தேவசகாயம். அதன் பிறகு துன்பம் குறைந்ததா? 1749-ல் கைதானார். எருமை மேல் ஏற்றி ஊர் ஊராக அவமானப்படுத்தினார்கள். 1752 ஜனவரி 14 அன்று ஆரல்வாய்மொழி பக்கம் காற்றாடிமலையில் சுட்டுக் கொன்றார்கள். டிலனாய் அப்போதும் அதே அரசரின் சேவையில்தான் இருந்தார். ஆனாலும் அந்தச் சாவைத் தடுக்க முடியவில்லை. 2022 மே 15 அன்று ரோமில் போப் பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தபோது எங்கள் பக்கம் வெடி வெடித்துக் கொண்டாடினோம். ஆனால் நடுவே 270 வருஷம் கிடக்கிறது.

இதை ஏன் இவ்வளவு நீட்டிச் சொல்கிறேன் என்றால், நண்பரைப் பார்க்கக் கிளம்பும் முன் உங்கள் மனதில் ஒன்று தெளிவாக வேண்டும். விசுவாசம் துன்பத்தைத் தடுக்கும் தாயத்து என்று நீங்கள் நம்பினால், துன்பப்படுகிறவரைப் பார்த்ததும் 'இவரிடம் எங்கோ குறை இருக்கிறது' என்றுதான் தோன்றும். அந்த எண்ணத்தோடு போவதை விடப் போகாமல் இருப்பது நல்லது.

படி 2: போங்கள்

என்ன பேசுவது என்று தெரியாததால்தான் பலர் போவதில்லை. பேச வேண்டியதில்லை. யோபுவின் மூன்று நண்பர்கள் எலிப்பாஸ், பில்தாத், சோப்பார். அவர்களைத் திட்டித்தான் பிரசங்கம் கேட்டிருப்போம். ஆனால் அவர்கள் முதலில் செய்த காரியம் மிகப் பெரியது. தூரத்திலிருந்து கிளம்பி வந்தார்கள், சத்தமிட்டு அழுதார்கள், ஏழு பகல் ஏழு இரவு ஒரு வார்த்தை பேசாமல் அவனோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள். நம்மில் யார் ஏழு மணி நேரம் அப்படி உட்கார்ந்திருப்போம்? அவர்கள் கெடுத்தது அதற்குப் பிறகு வாயைத் திறந்தபோதுதான்.

தாமதமாகிவிட்டதே என்று வெட்கப்பட்டு நின்றுவிடாதீர்கள். இயேசுவே தன் நண்பன் லாசரு இறந்து அடக்கமாகி நாலு நாள் கழித்துத்தான் அவன் ஊர்ப் பக்கம் வந்தார். அவனுடைய சகோதரிகள் மார்த்தாளும் மரியாளும் தனித்தனியே வந்து ஒரே வார்த்தையைத்தான் சொன்னார்கள்: நீர் இங்கே இருந்திருந்தால் அவன் செத்திருக்கமாட்டான். அவர் அந்தக் குற்றச்சாட்டை மறுக்கவில்லை, கோபப்படவும் இல்லை. அழுதார். உங்கள் நண்பரும் "இப்பதான் வாறியா?" என்று கேட்கலாம். கேட்டால் வாங்கிக்கொள்ளுங்கள்.

படி 3: சொல்லக்கூடாதவற்றைத் தெரிந்துகொள்ளுங்கள்

எங்கள் பக்கம் துக்க வீடுகளில் நான் கேட்ட வாக்கியங்கள் இவை.

"கர்த்தர் கொடுத்தார், கர்த்தர் எடுத்தார்." இது யோபு சொன்னது. தன் பிள்ளைகளைப் பறிகொடுத்த தகப்பன், தன் வாயால், தன் துக்கத்துக்குள்ளிருந்து சொன்னது. அதைச் சொல்லும் உரிமை அவனுக்கு மட்டும்தான். பார்க்க வந்தவர் அதைச் சொன்னால், வார்த்தை அதேதான் என்றாலும் பொருள் மாறிவிடும். மரண அறிவிப்புச் சுவரொட்டியில் இந்த வசனத்தைப் போடும் முன் அந்த வீட்டாரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள் என்றுகூடச் சொல்வேன்.

"பாவம், சாபம், பரம்பரைக் கட்டு." பிறவியிலேயே பார்வையில்லாத ஒருவனைக் காட்டி, யார் செய்த பாவம், இவனா, இவனைப் பெற்றவர்களா என்று சீடர்கள் கேட்டார்கள். இவனும் இல்லை, பெற்றவர்களும் இல்லை என்று இயேசு நேரடியாகவே பதில் சொன்னார். சீலோவாமில் கோபுரம் விழுந்து 18 பேர் செத்ததைப் பற்றிப் பேசும்போதும், அவர்கள் மற்றவர்களை விடப் பெரிய பாவிகள் என்று நினைக்கிறீர்களா, இல்லை என்றார். இவ்வளவு தெளிவாகச் சொன்ன பிறகும் நாம் சாபத்தைத் தேடிக்கொண்டிருந்தால் அது அவருடைய போதனை இல்லை.

"விசுவாசம் இருந்திருந்தால் சுகமாகியிருக்கும்." இதைக் கேட்ட நோயாளிகள் வலி மாத்திரையை ஒளித்துவைத்துத் தின்பதைப் பார்த்திருக்கிறேன். மருந்து சாப்பிடுவது விசுவாசக் குறைவு என்று யார் சொன்னாலும், அந்த இடத்திலேயே, நோயாளியின் காது கேட்க, இல்லை என்று சொல்லுங்கள். நண்பர் வாய் திறந்தே ஆக வேண்டிய இடம் இது.

இன்னொன்று உண்டு, கொஞ்சம் மென்மையானது: "எல்லாம் நன்மைக்கே." ஒருவேளை பல வருஷம் கழித்து உங்கள் நண்பரே அப்படிச் சொல்லலாம். அதுவரை காத்திருங்கள்.

இப்படிப் பேசியவர்களை யோபு 'காரியத்துக்குதவாத வைத்தியர்கள்' என்று கூப்பிட்டான். கதையின் முடிவில் கடவுளும் அவன் பக்கம்தான் நின்றார். கடவுளுக்காக வாதாடிய மூவர் மேல் கோபப்பட்டார். கடவுளோடு வாதாடிய யோபு சரியாகப் பேசினான் என்றார்.

சரி, அப்போது என்னதான் சொல்வது? "நான் வந்திருக்கேன்." "எனக்கு ஒண்ணும் சொல்லத் தெரியல." இறந்தவரின் பெயரைச் சொல்லி, அவரைப் பற்றி உங்களுக்கு ஞாபகம் இருக்கும் ஒரு சின்ன விஷயம். இவ்வளவு போதும். என் மனைவி கொடுத்துவிட்ட மாங்காய் ஊறுகாயின் ருசியைப் பற்றி ஒரு பக்கத்து வீட்டு அக்கா பேசினார்கள். அந்த மாதம் முழுக்க என்னைத் தேற்றிய பேச்சு அது ஒன்றுதான்.

படி 4: ஒரு வேலையை எடுத்துக்கொள்ளுங்கள்

"என்ன வேணும்னாலும் கூப்பிடு" என்று சொல்லாதீர்கள். துக்கத்தில் இருப்பவருக்கு என்ன வேண்டும் என்றே தெரியாது, கூப்பிடவும் மனம் வராது. நீங்களே ஒரு வேலையைத் தேர்ந்தெடுத்து, நாளும் நேரமும் சொல்லிவிடுங்கள். "செவ்வாய்க்கிழமை ராத்திரி கஞ்சியும் பயறும் நான் கொண்டு வாறேன்." "பிள்ளையைப் பள்ளிக்கூடம் விடுறது இந்த மாசம் என் பொறுப்பு."

எங்கள் எல்லைப் பக்கத்தில் பெரிய நோய் என்றால் பெரும்பாலும் திருவனந்தபுரம்தான். அங்கே நண்பர் செய்யக்கூடிய வேலைகள் நிறைய:

குடும்ப அட்டை, ஆதார், வருமானச் சான்று, பழைய மருத்துவச் சீட்டுகள் எல்லாவற்றுக்கும் மூன்று மூன்று நகல் எடுத்து ஒரு கவரில் போட்டுக் கொடுங்கள். தமிழ்நாட்டுக் காப்பீட்டுத் திட்டம் அந்த மருத்துவமனையில், அந்தச் சிகிச்சைக்குச் செல்லுமா என்பதைச் சேரும் முன்பே கேட்டுவிடுங்கள். நாங்கள் இதைக் கேட்காமல் போய் ஒரு வாரம் அலைந்தோம். மலையாளம் வாசிக்கத் தெரிந்தவர் என்றால் முதல் நாள் கட்டாயம் கூடப் போங்கள்; பேச்சு எங்களுக்கு எல்லாருக்கும் புரியும், அச்சடித்த படிவத்தைப் பார்த்தால் கண் கட்டிவிடும். டாக்டர் சொல்வதை ஒரு நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். பயத்தில் இருப்பவர் காதில் பாதிதான் விழும்.

ஒரு ராத்திரியாவது துணைக்கு இருப்பவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டு நீங்கள் தங்குங்கள். குழித்துறையில் ரயில் ஏறினால் பாறசாலை, நெய்யாற்றின்கரை என்று பெரிய தூரம் இல்லை. ஆனால் இரண்டு வாரமாக வராந்தாவில் பாய் விரித்துப் படுத்தவருக்குச் சொந்த வீட்டில் ஒரு நாள் தூக்கம் எவ்வளவு பெரியது என்று அனுபவித்தவருக்குத்தான் தெரியும்.

பணம் கொடுப்பதானால் கவரில் வைத்து, திருப்பித் தர வேண்டாம் என்று சொல்லிக் கொடுங்கள். கடன் என்றால் கடன் என்று தெளிவாகச் சொல்லுங்கள். இரண்டுக்கும் நடுவில் விட்டால் நட்பு கெடும்.

படி 5: புலம்ப விடுங்கள்

ஒரு கட்டத்தில் உங்கள் நண்பர் கடவுளைத் திட்டுவார். ஆராதனைக்கு வரமாட்டேன் என்பார். பதறாதீர்கள், திருத்தவும் வேண்டாம். கத்தோலிக்கர் திருப்பாடல் என்பார்கள், சி.எஸ்.ஐ.யார் சங்கீதம் என்பார்கள். எந்த வேதாகமத்தை எடுத்தாலும் 88-ம் எண்ணை எடுத்து நீங்கள் முதலில் தனியாக வாசித்துப் பாருங்கள். அதன் முடிவில் விடியல் இல்லை, நன்றி இல்லை. நண்பனும் தோழனும் விலகிப்போன இருட்டோடு அப்படியே முடிந்துவிடுகிறது. அதையும் ஜெபம் என்றுதான் வேதாகமத்தில் வைத்திருக்கிறார்கள். சிலுவையில் இயேசு சொன்ன 'என்னை ஏன் கைவிட்டீர்' என்பதும் 22-ம் சங்கீதத்தின் முதல் வரிதான்.

ஆகவே நண்பருக்கு ஜெபிக்க முடியவில்லை என்றால் அவருக்காக நீங்கள் ஜெபியுங்கள். அவர் முன்னால் நீட்டி ஜெபிக்க வேண்டாம். சத்தமாக ஜெபிக்கும்போது ஜெபத்துக்குள் அறிவுரையை நுழைத்துவிடும் பழக்கம் நம்மில் பலருக்கு உண்டு. 'ஆண்டவரே, இவனுக்குப் பொறுமையைக் கொடும்' என்பது பல நேரம் ஆண்டவருக்குச் சொல்வது இல்லை, கண்ணை மூடிக்கொண்டு அவனுக்குச் சொல்வது.

படி 6: துன்பத்துக்கு ஓர் அநியாயம் காரணம் என்றால், பக்கத்தில் நில்லுங்கள்

நோய் வேறு, அநியாயம் வேறு. பொய் வழக்கு, பறிக்கப்பட்ட நிலம், வராத உதவி என்று மனிதர் கையால் வந்த துன்பத்துக்கு வெறும் ஆறுதல் போதாது.

2017 நவம்பர் 30-ல் ஒக்கி புயல் வந்தபோது தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை, நீரோடி பக்கத்து மீனவர்கள் பலர் கரையிலிருந்து வெகு தொலைவில் இருந்தார்கள். பல நாள் கடலில் தங்கி மீன் பிடிக்கிறவர்கள் அவர்கள். தேடச் சொல்லிக் கரையில் நின்று கெஞ்சியும் பலன் இல்லாததால், டிசம்பர் 7-ல் ஆயிரக்கணக்கானோர் நடந்தே வந்து குழித்துறை ரயில் நிலையத் தண்டவாளத்தில் உட்கார்ந்தார்கள். குருவானவர்களும் கன்னியாஸ்திரீகளும் கூடவே வந்தார்கள். கடலோடு சம்பந்தமே இல்லாத உள்நாட்டுக் குடும்பங்கள் தண்ணீரும் பொதிச் சோறும் கொண்டு வந்து கொடுத்ததைப் பார்த்தேன். அந்தச் சோறும் ஜெபம்தான் என்று நான் நம்புகிறேன்.

அப்போஸ்தலர் பவுல் சிறையில் இருந்தபோது ஒநேசிப்போரு என்ற ஒருவனைப் பற்றி எழுதுகிறார். அவன் ரோமுக்கு வந்து தேடிக் கண்டுபிடித்தான், என் விலங்கைக் கண்டு வெட்கப்படவில்லை என்று. நண்பர் மேல் வழக்கு இருந்தால் நீதிமன்ற வாசலில் ஊரார் பார்க்க அவர் பக்கத்தில் நில்லுங்கள்.

படி 7: நாட்களைக் குறித்து வையுங்கள்

என்னைக் கேட்டால் எல்லாப் படியிலும் கடினமானது இதுதான். 41-ம் நாள் திருப்பலியோ ஜெபமோ முடிந்து பந்தலைப் பிரித்ததும் கூட்டம் போய்விடும். அன்று ராத்திரிதான் வீடு உண்மையில் காலியாகிறது.

உங்கள் கைபேசியில் இந்த நாட்களைப் போட்டுவையுங்கள்: பந்தல் பிரித்த மறுநாள், மூன்றாம் மாதம், முதல் கிறிஸ்துமஸ், இறந்தவரின் பிறந்தநாள், திருமண நாள், முதல் வருஷம். அப்புறம் இரண்டாம் வருஷம். அதற்கு யாருமே வருவதில்லை. அந்த நாளில் போங்கள், முடியாவிட்டால் கூப்பிடுங்கள். "இன்னைக்கு என்ன நாள்னு எனக்கு ஞாபகம் இருக்கு" என்றால் போதும்.

உடல் கிடைக்காத வீடுகளை இன்னும் அதிகமாக நினையுங்கள். ஒக்கியில் போன பலருக்குக் கல்லறையே கிடையாது. மெழுகுவர்த்தி ஏற்ற ஓர் இடம் இல்லை. விதவை என்று சொல்லிக்கொள்ளவும் மனம் வராமல், வாசலில் பைக் சத்தம் கேட்டால் எழுந்து பார்க்கும் பெண்கள் இன்றும் அந்தக் கரையில் உண்டு. யோபுவின் பிள்ளைகளையும் கொன்றது ஒரு பெருங்காற்றுதான் என்பதை அங்கே உட்கார்ந்திருக்கும்போது நினைக்காமல் இருக்க முடியவில்லை. அவர்களிடம் 'இனி வரமாட்டார், ஏற்றுக்கொள்' என்றும் சொல்லாதீர்கள், 'வந்துவிடுவார்' என்றும் சொல்லாதீர்கள். அவரைப் பற்றிப் பேச விடுங்கள்.

படி 8: உங்களால் முடியாததைத் தெரிந்துகொள்ளுங்கள்

வாரக்கணக்கில் சாப்பாடும் தூக்கமும் இல்லை, 'நானும் போயிட்டா நல்லது' என்ற பேச்சு வருகிறது, சாமான்களைப் பிறருக்குக் கொடுக்கத் தொடங்குகிறார் என்றால் அது நண்பர் ஒருவரால் மட்டும் தாங்கக்கூடியது இல்லை. 'சாகணும்னு தோணுதா?' என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் உண்டாகாது. தனியே விடாதீர்கள். அரசின் மனநல உதவி எண் டெலி மானஸ் 14416, இலவசம், எந்த நேரமும் பேசலாம், தமிழிலும் பேசலாம். மனநல மருத்துவரிடம் கூட்டிப் போங்கள். இதில் விசுவாசத்துக்கு ஒரு குறைவும் இல்லை.

படி 9: துன்பப்படுவது நீங்களாக இருந்தால்

இதைச் சுருக்கமாகவே சொல்கிறேன், துன்பத்தில் நீளமாக வாசிக்க முடியாது. காரணம் தேடி உங்களைத் தோண்டாதீர்கள். வருகிற எல்லாரையும் பார்க்க வேண்டிய கட்டாயம் இல்லை. வாசலில் நின்று "இன்னைக்கு முடியாது" என்று சொல்ல ஒருவரை வையுங்கள். யாராவது தேங்காய் உரிக்க வந்தால் உரிக்க விடுங்கள்.

காயப்படுத்திப் பேசியவர்களை என்ன செய்வது? யோபு தன் நண்பர்களுக்காக ஜெபித்தபோது அவன் நிலை மாறியது என்று 42-ம் அதிகாரம் சொல்கிறது. நான் அந்தப் பெரியவருக்காக ஜெபிக்க மூன்று வருஷம் ஆனது. நீங்களும் அவசரப்பட வேண்டாம்.

படி 10: ஒரு நாள் சேர்ந்து வெளியே போங்கள்

நண்பர் கொஞ்சம் நடமாடத் தொடங்கியதும் ஒரு நாள் பயணம் கூட்டிப் போங்கள். எங்கள் பக்கம் என்றால் காலையில் நட்டாலம், பிறகு புலியூர்க்குறிச்சியில் உதயகிரிக் கோட்டை, சாயங்காலம் கோட்டாறு சவேரியார் ஆலயம். தேவசகாயத்தின் உடல் அங்கேதான் அடக்கமானது. நேரமும் தெம்பும் இருந்தால் காற்றாடிமலை.

உதயகிரியில் டிலனாயின் கல்லறை இருக்கிறது. 1777-ல் இறந்தார். கல்லில் லத்தீனும் தமிழும் பொறித்திருக்கிறார்கள். பக்கத்திலேயே மனைவி, போரில் இறந்த மகனும் அங்கேதான். தேவசகாயம் போன பிறகு வந்த சாவு அந்த மகனுடையது. அன்று டிலனாய்க்கு யோபுவின் கதையைச் சொல்ல யார் இருந்தார்கள் என்று நான் யோசித்ததுண்டு.

போன வருஷம் என் தோழனோடு அங்கே போனேன். ஒரு வியாழக்கிழமை. அவன் கோவிலுக்கு அதிகம் போகிறவன் இல்லை. கல்லில் இருப்பதை நான் வாசித்துச் சொல்லச் சொல்லக் கேட்டுக்கொண்டு நின்றான். பிறகு தோளில் கிடந்த துவர்த்தை எடுத்து, கல் மேல் விழுந்து கிடந்த சருகை எல்லாம் தட்டிவிட்டான். "மகன் கல்லு எது லே?" என்று கேட்டு அதையும் தட்டினான். விடியும் முன் பால் வெட்டப் போக வேண்டும் என்பதால் கோட்டாறை அடுத்த தடவைக்கு வைத்துக்கொண்டு நாலரை பஸ்ஸைப் பிடித்தோம்.